தண்ணீர் குடிக்காத பெண்கள்

தூத்துக்குடியிலிருந்து துறைமுகத்துக்குப் போகும் சாலையில், ஊர் முடிந்து உப்பளங்கள் தொடங்குகிற இடத்தில் என் மருந்துக்கடை இருக்கிறது. சாலைக்கு அந்தப் பக்கம், கடைக்கு நேர் எதிரே, ஒரு பேருந்து நிறுத்தம். உடன்குடிப் பக்கம் பலசரக்குக் கடை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவள் நான். மருந்தாளுநர் படிப்பு முடித்து, கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தேன். கணவருக்குக் கப்பல் ஏஜென்சி ஒன்றில் கிளார்க் வேலை. கடையைக் காலை எட்டு மணிக்கு நான்தான் திறப்பேன், சாயங்காலம் ஏழு மணிக்கு நான்தான் அடைப்பேன். மாற்றிவிட ஆள் கிடையாது.

கடையில் கழிப்பறையும் கிடையாது. எங்கள் வரிசையில் நாலு கடைகள். டீக்கடைக்காரரும் பஞ்சர் கடைக்காரரும் பின்னால் இருக்கும் உடைமரக் காட்டுக்குப் போய்விட்டு வருவார்கள். நான் அங்கே போக முடியாது. அதனால் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். காலையில் வீட்டில் ஒரு காப்பி. மத்தியானச் சாப்பாட்டோடு இரண்டு மடக்கு. அதற்குப் பிறகு வீட்டுக்குப் போய்த்தான் தண்ணீர். வருஷக்கணக்காக அப்படித்தான் இருந்தேன். அதை ஒரு கெட்டிக்காரத்தனமாகவே நினைத்திருந்தேன்.

பேருந்து நிறுத்தத்தை ஒட்டி ஒரு கழிப்பிடம் கட்டியிருந்தார்கள். நான் கடை திறந்த வருஷமே அதன் வேலை முடிந்துவிட்டது. 'பெண்கள்' என்று நீல எழுத்தில் எழுதி, பக்கத்தில் கொண்டை போட்ட முகம் ஒன்றும் வரைந்திருந்தார்கள். வெள்ளை அடித்த நாளிலிருந்து கதவில் பூட்டு. உப்புக் காற்றில் பூட்டு துருவேறி, துரு வழிந்து கதவில் பழுப்பாய் ஒரு கோடு இறங்கியிருந்தது. கல்லாவில் உட்கார்ந்தால் நேரே தெரிவது அந்தக் கதவுதான். தினமும் பார்ப்பதால் அது கண்ணில் படாமலே போய்விட்டது.

கடைக்கு வரும் பெண்கள் பலவிதம். உப்பளத்துக்குப் போகிறவர்கள், இறால் உரிக்கும் கம்பெனிக்குப் போகிறவர்கள், திருச்செந்தூர் பேருந்துக்கு இங்கே இறங்கி மாறுகிற டீச்சர்கள். பலரும் ஒரே மாதிரி வந்து நிற்பார்கள். ஆண்கள் யாராவது நின்றால், அவர்கள் போகும்வரை தலைவலி மாத்திரை அட்டையைப் பார்ப்பதுபோல் பாவனை செய்வார்கள். பிறகு குனிந்து, "யக்கா, நீர்க்கடுப்பா இருக்கு, எரிச்சல் தாங்கல" என்பார்கள். நான் சிரப் பாட்டிலை எடுத்துக் கவரில் போட்டுக் கொடுத்து, "நிறையத் தண்ணி குடிங்க" என்று சொல்லுவேன். அது என் வாயில் தானாக வரும்.

ஒருநாள் அதைக் கேட்டுச் சிரித்தவர் மீன்கார அக்கா. கடற்கரைக் கிராமத்திலிருந்து அலுமினியச் சட்டியில் மீன் கொண்டுவந்து நிறுத்தத்து வேப்பமரத்தடியில் விற்பவர். ஐம்பது வயதைத் தாண்டியவர், கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை. அன்றைக்கு மகளுக்காக அதே சிரப்பை வாங்க வந்திருந்தார்.

"ஏளா, எல்லாருக்கும் தண்ணி குடி தண்ணி குடின்னு சொல்லுதியே, நீ குடிக்கியா?" என்றார்.

நானும் சிரித்து வைத்தேன்.

அந்தக் கோடையில் எனக்குக் காய்ச்சல் வந்தது. முதல் நாள் இடுப்புக்குப் பின்னால் வலி. நின்று நின்று வந்த வலி என்று தைலம் தேய்த்துக்கொண்டேன். மறுநாள் உச்சி வெயிலில், கடைக்குள் உட்கார்ந்திருக்கும்போதே குளிர் நடுக்கம். பல் கிட்டியது. டீக்கடைக்காரர்தான் பார்த்துவிட்டு என் கணவருக்குப் போன் செய்தார். ஆஸ்பத்திரியில் பரிசோதித்துவிட்டுச் சிறுநீரகத்தில் கிருமி ஏறியிருக்கிறது என்று சொல்லி அட்மிட் செய்தார்கள்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பீங்க?" என்று அங்கிருந்த லேடி டாக்டர் கேட்டார்.

"ரெண்டு லிட்டர் இருக்கும் டாக்டர்."

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "மெடிக்கல் ஷாப் வச்சிருக்கிற நீங்களே இப்படிச் சொன்னா, மத்தவங்ககிட்ட நான் என்னத்தக் கேக்க?"

முகம் சுட்டது. உண்மையைச் சொன்னேன். கடையில் கழிப்பறை இல்லை என்றும், எதிரே இருப்பது பூட்டிக் கிடக்கிறது என்றும் சொன்னேன். அவர் திட்டவில்லை. "உங்க ஏரியாவுல இருந்து வர்ற பொம்பளைங்க எல்லாருக்கும் இதே கம்ப்ளெயின்ட்தான்" என்று மட்டும் சொன்னார்.

ஸ்கேன் எடுக்க வேண்டியிருந்தது. சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும் என்று நர்ஸ் ஆளுக்கொரு தண்ணீர் பாட்டிலைக் கொடுத்து, அறைக்கு வெளியே பெஞ்சில் உட்காரவைத்தார். என் பக்கத்தில் ஒரு சின்னப் பெண். இருபத்திரண்டு வயது இருக்கும். ஏழு மாத வயிறு. கையில் ஊசி ஏற்றிய இடத்தில் பிளாஸ்திரி. பாட்டிலைத் திறந்து, தண்டனைபோல ஒவ்வொரு மடக்காய் முகம் சுளித்துக் குடித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று திரும்பி, "நீங்க ஸ்டாப்புக்கு எதுத்த மெடிக்கல் அக்காதான?" என்றாள்.

எனக்கு அவளை அடையாளம் தெரியவில்லை.

"அளத்துக்குப் போறவ யக்கா. சட்டை போட்டிருப்பேன்லா, அதான் தெரியல. ரெண்டு வாரம் முன்னாடிகூட உங்கட்டதான் சிரப் வாங்குனேன்."

உப்பளப் பெண்கள் வெயிலுக்கும் உப்புக்கும் பயந்து சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையைப் போட்டிருப்பார்கள். தொளதொளவென்று தொங்கும் அந்தச் சட்டைக்குள் வயிறு தெரியவில்லை. நானும் கவனிக்கவில்லை. நீர்க்கடுப்பு என்று ஒரு கர்ப்பிணி வந்தால், சிரப் கொடுத்து அனுப்பக் கூடாது. அன்றைக்கே டாக்டரிடம் அனுப்ப வேண்டும். பிரசவத்தை முன்னால் இழுத்துவிடக்கூடிய விஷயம் அது. நான் படித்த படிப்பில் அது இருந்தது.

"மாசமா இருக்கேன்னு ஏம்மா எங்கிட்டச் சொல்லல?"

"நீங்க கேக்கலையேக்கா" என்றாள். குற்றமாகச் சொல்லவில்லை. இருந்ததைச் சொன்னாள்.

மூன்றாம் நாள் அவளுக்கு வலி கண்டுவிட்டது. எட்டு மாதம் நிறையாமலே குழந்தை பிறந்தது. நான் வீட்டுக்குக் கிளம்பும்முன் போய்ப் பார்த்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள், என் உள்ளங்கையை விடச் சற்றுப் பெரிதான முதுகு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவள் கண்ணாடியில் நெற்றியை வைத்து நின்றாள். அவளிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்து, குழந்தையின் எடையைக் கேட்டேன். அந்த நிமிஷம் ஒன்றை முடிவு செய்துகொண்டேன். அந்தக் கதவைத் திறக்க வைக்காமல் விடுவதில்லை.

கடைக்குத் திரும்பிய முதல் நாளே சாலையைக் கடந்து போய்ப் பூட்டைப் பார்த்தேன். சாவி யாரிடம் என்று கேட்டு அலைந்தேன். ஒரு அலுவலகத்தில், கட்டியது நாங்கள்தான், தண்ணீர் இணைப்பு இன்னொரு அலுவலகம் கொடுக்க வேண்டும் என்றார்கள். அங்கே போனால், இணைப்புக் கொடுக்கத் தயார், ஆனால் வழி இல்லை என்றார்கள். கடைசியில் ஒரு இளம் இன்ஜினியர்தான் காகிதத்தில் கோடு போட்டு விளக்கினார்.

"ஆத்துத்தண்ணி லைன் உங்க கடைப் பக்கமாப் போகுது மேடம். கட்டடம் எதிர்ப் பக்கம் இருக்கு. நடுவுல ரோடு. ரோட்ட வெட்டுனாத்தான் குழாயைக் கொண்டு போக முடியும். அதுக்கு ரோட்டுக்காரங்க பெர்மிஷன் தரணும்லா."

"போர் போட்டா?"

"போட்டுப் பாத்தாச்சு. கடல் தண்ணி மாதிரி வருது. ஆறே மாசத்துல குழாயெல்லாம் அரிச்சுரும்."

ஆக, நாற்பதடிச் சாலை. இந்தப் பக்கம் தண்ணீர், அந்தப் பக்கம் கழிப்பிடம். நடுவில் ராப்பகலாய்க் கன்டெய்னர் லாரிகள். இதற்காகத்தான் இத்தனை வருஷம் பூட்டு.

மனுக் கொடுக்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னபோது என் கணவருக்குப் பிடிக்கவில்லை. "ஊர்ல எம்புட்டோ பிரச்சினை கெடக்கு. நீ போயும் போயும் கக்கூஸுக்கா மனு குடுக்கப் போற? ஆபீஸ்ல கேட்டா நான் என்ன சொல்ல?"

"உங்க ஆபீஸ்ல கக்கூஸ் இருக்குலா?"

"இருக்கு."

"அப்ப ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

அவர் மனுவை வாங்கிப் பார்த்து, எழுத்துப் பிழை இரண்டைத் திருத்திக் கொடுத்தார்.

மனுவோடு சேர்த்துக் கொடுக்க ஒரு நோட்டு போட்டேன். நீர்க்கடுப்பு என்று வருகிற ஒவ்வொரு பெண்ணிடமும் இனிமேல் கேட்பது என்று வைத்துக்கொண்டேன். மாசமாக இருக்கிறாயா, எங்கே வேலை, வீட்டை விட்டுக் கிளம்பினால் மறுபடி எப்போது தண்ணீர் குடிப்பாய். பெயர் எழுதவில்லை. பெயர் கேட்டால் வாய் திறக்க மாட்டார்கள். முதலில் வெட்கப்பட்டார்கள். எனக்கும் இதே வியாதி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தேன் என்று சொன்னதும், கல்லாவில் சாய்ந்து நின்று பேச ஆரம்பித்தார்கள். அளத்துப் பெண் ஒருத்தி, வேலை முடிகிறவரை நாக்கை நனைக்க மட்டும் தண்ணீர் வைத்துக்கொள்வதாகச் சொன்னாள். ஒரு டீச்சர் தினமும் தண்ணீர் பாட்டிலை நிரப்பிக் கொண்டுபோய், நிறைந்தபடியே வீட்டுக்குக் கொண்டுவருவாராம். "பிள்ளைங்களுக்குத் தண்ணி குடிங்கன்னு பெல் அடிக்கிறதே நான்தான்" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

நோட்டில் பக்கங்கள் நிறைந்தன. ஒரு திங்கள்கிழமை, குறைதீர்க்கும் நாளில், ஏழு பெண்கள் கலெக்டர் அலுவலகத்துக்கு மனுக் கொடுக்கப் பேருந்து ஏறினோம். நான் கடையை அடைத்தேன், மீன்கார அக்கா வியாபாரத்தை விட்டார். எங்கள் முறை வந்தபோது நான் மனப்பாடம் செய்துவைத்திருந்ததெல்லாம் மறந்துபோனது. நோட்டை நீட்டினேன். அங்கிருந்த அதிகாரி பக்கங்களைப் புரட்டினார். அதற்குள் மீன்கார அக்கா முன்னால் வந்துவிட்டார்.

"அய்யா, நாங்க புதுசா ஒண்ணும் கேக்க வரல. நீங்க கட்டி வச்சதத் தொறந்து விடுங்கன்னுதான் கேக்கோம்."

அதிகாரி ஒருமுறை அவரை நிமிர்ந்து பார்த்துவிட்டு மனுவில் ஏதோ எழுதி, சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு அனுப்பச் சொன்னார். பேருந்தில் திரும்பும்போது எங்களுக்கு எல்லாம் முடிந்துவிட்டது போன்ற சந்தோஷம்.

சில வாரம் கழித்துத் தபால் வந்தது. சாலை சமீபத்தில்தான் புதிதாகப் போடப்பட்டது, இப்போதைக்கு வெட்ட அனுமதிக்க இயலாது என்று இரண்டே வரி. கல்லாவில் வைத்து நாலு தடவை படித்தேன். மீன்கார அக்கா சட்டியை மரத்தடியில் விட்டுவிட்டுச் சாலையைத் தாண்டி வந்தார்.

"என்ன எழுதியிருக்கு?"

"ரோட்ட வெட்ட முடியாதாம்க்கா."

"வெட்டாட்டிப் போகட்டு. அடியில கொண்டு போகச் சொல்லு."

"அடியில எப்படிக் கொண்டு போக?"

அவர் டீக்கடைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார். "அங்கன ஒரு பாலம் இருக்குலா. ரோட்டுக்கு அடியில மழத்தண்ணி போறது. மேல நின்னாத் தெரியாது, முள்ளு மூடிக் கெடக்கும். விடியுமுன்ன வந்து எறங்குதவிய நாங்க எல்லாரும் அங்கனதான் ஒதுங்குவோம். இந்தப் பக்கம் எறங்குனா குனிஞ்சே போயி அந்தப் பக்கம் ஏறலாம்."

கடையைச் சாத்திவிட்டு அவரோடு போனேன். நிறுத்தத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் உடைமரக் கிளைகளை விலக்கி இறங்கினார். சேலையை முட்டிவரை தூக்கிச் செருகிக்கொண்டு நானும் இறங்கினேன். சிமெண்டு வளைவு, நாற்றம், உடைந்த பாட்டில்கள். மறுமுனையில் வட்டமாய் வெளிச்சம். தலைக்கு மேலே லாரி போனபோது சுவர் அதிர்ந்தது. இத்தனை வருஷமாக இந்தப் பெண்கள் இங்கே வந்து போயிருக்கிறார்கள். நான் நூறடி தள்ளி உட்கார்ந்து சிரப் விற்றுக்கொண்டிருந்தேன். கடையில் பார்சல் கட்டும் சணல் கயிறு ஒரு உருண்டை கொண்டுபோயிருந்தேன். ஒரு முனையை அக்கா பிடிக்க, நான் மறுமுனைவரை குனிந்தே போய் அளந்து முடிச்சுப் போட்டேன்.

அந்தக் கயிற்றோடு மறுநாள் இன்ஜினியர் முன்னால் போய் நின்றேன். அவர் பைக்கில் வந்தார். பேன்டை மடித்துவிட்டு இறங்கி, செல்போன் வெளிச்சத்தில் உள்ளே பார்த்தார். வெளியே வந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு, "குழாயைச் சுவத்தோரமா மேல தொங்க விட்டுக் கொண்டு போயிரலாம். ரோட்டைத் தொட வேண்டாம்" என்றார். பிறகு, "இப்படி ஒரு பாலம் இருக்கிறதே எனக்குத் தெரியாதும்மா" என்றார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்? உங்களுக்கு அவசியம் வரலையே" என்றார் மீன்கார அக்கா. இன்ஜினியரின் முகம் சிவந்துபோனது. ஆனால் அதற்குப் பிறகு அந்த வேலையை அவர் விடவில்லை. பாலத்துக்குள் குழாய் கொண்டுபோகவும் அனுமதி வேண்டியிருந்தது. அதை அவரே பின்னால் நின்று வாங்கினார்.

குழாய் வேலை முடிந்து, மேலே தொட்டி வைத்து, ஒருநாள் பத்து மணி வாக்கில் இரண்டு ஆட்கள் வந்து பூட்டை அறுத்தார்கள். விழா ஒன்றும் இல்லை. நிறுத்தத்தில் நின்ற பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆண்கள் நிற்கும்போது முதல் ஆளாக உள்ளே போக யாருக்கும் கூச்சம். மீன்கார அக்கா சட்டியை மூடிவைத்துவிட்டு விறுவிறுவென்று உள்ளே போனார். வெளியே வரும்போது நனைந்த கையை எல்லாருக்கும் தெரியும்படி உதறினார்.

"நல்ல தண்ணி வருது" என்றார். அதற்கப்புறம் வரிசை நின்றது.

இரண்டு மாதம்கூட ஆகவில்லை, மறுபடி பூட்டு. குழாய்த் திருகு ஒன்றை யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். செப்டிக் டேங்க் நிறைந்து வழிந்தது. சுத்தம் செய்ய ஆளே போடவில்லை. அலுவலகத்தில், "நீங்க பொம்பளைங்களே முறை வச்சுக் கழுவிக்கிடலாமே" என்றார் ஒருவர்.

"உங்க ஆபீஸ்ல நீங்க முறை வச்சா கழுவுறீங்க?" என்று கேட்டேன். அப்படிக் கேட்டது நான்தானா என்று பிறகு வெகுநேரம் யோசித்தேன். அந்த ஊரின் எந்த அலுவலகத்திலும் அதுவரை நான் குரல் உயர்த்திப் பேசியதில்லை.

செவ்வாய்க்கிழமைதோறும் அந்த அலுவலகத்துக்குப் போனேன். ஒரு வாரம் நான் தனியாக. ஒரு வாரம் டீச்சரோடு. இறால் கம்பெனிப் பெண்கள் ஷிப்ட் முடிந்த கையோடு கையுறை வாசனையுடன் நாலு பேர் வந்தார்கள். நோட்டில் புதிதாக எழுதிய பக்கங்களை மேசையில் வைத்தோம். திறந்திருந்த இரண்டு மாதத்தில் நீர்க்கடுப்பு என்று கடைக்கு வந்தவர்கள் குறைந்ததும், பூட்டிய பிறகு மறுபடி வர ஆரம்பித்ததும் அதில் இருந்தது. அந்த லேடி டாக்டர் தன் கைப்பட ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். மழைக்காலம் தொடங்கும்முன் சம்பளத்துக்கு ஒரு பெண்ணைப் போட்டார்கள். காலையும் மாலையும் வந்து கழுவிவிட்டுப் போவார். டேங்க் கழிவை எடுக்கிற வண்டி வரவேண்டிய தேதியைச் சுவரிலேயே எழுதவைத்தோம். தேதி தவறினால் மறுநாள் நான் போன் செய்வேன். இப்போது என் குரலைக் கேட்டதுமே, "அனுப்புறோம் மேடம்" என்று சொல்லிவிடுகிறார்கள்.

அளத்துப் பெண் குழந்தையோடு கடைக்கு வந்தாள். இளைத்த குழந்தைதான், ஆனாலும் எடை ஏறிவருகிறது என்றாள். அன்றைக்குத்தான் அவளிடம் சொல்ல முடிந்தது. "நான் கேட்டிருக்கணும்ளா. என் தப்புதான்." அவள் குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டுச் சாலையைத் தாண்டிக் கழிப்பிடத்துக்குப் போனாள். அவள் வரும்வரை வைத்திருந்தேன்.

போன மாதம் ஒன்றைக் கவனித்தேன். துறைமுகப் பக்கமிருந்து வரும் பேருந்திலிருந்து சில பெண்கள் இறங்குகிறார்கள், கழிப்பிடத்துக்குப் போகிறார்கள், அடுத்த பேருந்தில் வந்த திசைக்கே திரும்பிப் போகிறார்கள். ஒருத்தியை நிறுத்திக் கேட்டேன். மூன்று நிறுத்தம் தள்ளி, சரக்கு அடுக்கிவைக்கும் கிட்டங்கி ஒன்றில் மூட்டை தைக்கிற வேலையாம். அங்கே எதுவும் இல்லையாம். அதற்காக மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பஸ் ஏறி வருகிறார்களாம்.

நேற்று மத்தியானம் மீன்கார அக்காவும் நானும் அங்கே போய் இறங்கினோம். பழைய இன்ஜினியர் மாற்றலாகிப் போய்விட்டார். புதியவர் போனில், அந்த நிறுத்தத்தில் கட்ட இடமே இல்லை என்று சொல்லியிருந்தார். கிட்டங்கிச் சுவருக்கும் சாலைக்கும் நடுவே ஒரு துண்டு நிலம் சும்மா கிடந்தது. அக்கா அதை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து பார்த்தார்.

"இடம் இல்லைன்னா அவன் சொன்னான்? ரெண்டு ரூம்பு கட்டலாமே இதுல" என்றார்.

கைப்பையிலிருந்து புது நோட்டை எடுத்தேன். கிட்டங்கி வாசலில் பெண்கள் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். மனுக் கொடுக்கிற திங்கள்கிழமைக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. அவர்களிடம் போய் உட்கார்ந்தோம்.